ஐஸ்பீலியில் மிச்சமிருந்த நிரை

தேயிலைத் தோட்டத்தின் ஐஸ்பீலி டிவிஷனுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பிற்பகல் மூன்று மணி இருக்கும். நுவரெலியாவில் பஸ்ஸை விட்டு இறங்கி, லொறிப் பாதையில் இரண்டரை மணி நேரம் ஏறி வந்திருந்தோம். கீழ் டிவிஷனில் ஒரு செவலை நாய் எங்கள் பாண் ரொட்டிப் பையை மோந்து பார்த்துவிட்டுக் கூடவே ஒட்டிக்கொண்டது. முத்துலிங்கம் அதற்கு உடனே கப்டன் என்று பெயர் வைத்தான். துருவப் பயணம் போகிறவர்கள் நாய் இல்லாமல் போவதில்லையாம்.

1977ஆம் ஆண்டு, பொங்கலுக்கு மறுநாள் சனிக்கிழமை. இரண்டு பேரும் கொட்டகலையில் ஒரே பாடசாலையில் படிப்பித்துக்கொண்டிருந்தோம். அவன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த புவியியல் வாத்தியார். நான் அலோசியஸ். இந்த மலையில் தொழிலாளர்களுக்கான லயம் என்கிற வரிசை வீடொன்றில் பிறந்து, பாதிரியார்மாரின் தயவில் படித்துக் கணக்கு வாத்தியார் ஆனவன். மூன்று வருஷமாக உயிர்ச் சிநேகிதர்கள். ஆனாலும் அவன் என்னை நீர் என்பான், நான் அவனை நீங்க என்பேன். அந்த மரியாதைக்குள் எனக்கு ஒரு கூச்சமும் இருந்தது. அதை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். நடந்த எல்லாவற்றுக்கும் அந்தக் கூச்சம்தான் காரணம்.

முத்துலிங்கத்துக்கு வடதுருவம் என்றால் பைத்தியம். உலகப் படத்தின் உச்சியில் இருக்கும் வெள்ளைத் துண்டைக் காட்டிப் பாடம் தொடங்கினால் மணி அடித்தாலும் நிறுத்தமாட்டான். பனியில் கப்பல் சிக்கியவர்கள், கால்விரல்களைத் தாங்களே வெட்டி எறிந்தவர்கள், எல்லார் கதையும் அவனுக்கு மனப்பாடம். இத்தனைக்கும் தண்ணீர் தானாக உறைந்து அவன் பார்த்ததே இல்லை. சோடாக் கடை ஐஸோடு சரி. ஒருநாள் நான் சும்மா இருக்காமல், தை மாதத்தில் எங்கள் தோட்டத்து மேல் டிவிஷனில் பீலித் தண்ணீர் உறைந்து தொங்கும் என்று சொல்லிவிட்டேன். மலைத் தண்ணீர் வந்து விழுகிற தகரக் குழாயைத்தான் நாங்கள் பீலி என்போம். அந்த இடத்துக்கு ஐஸ்பீலி என்று பெயர் வந்ததும் அதனால்தான்.

அதோடு பிடித்துக்கொண்டான்.

"அலோ, இந்தச் சென்மத்தில நாங்கள் ஆர்க்டிக்குக்குப் போகமாட்டம். ஆனா ஆர்க்டிக் வருசத்தில ரெண்டு நாள் உங்கட மலைக்கு வருது எண்டு நீர்தானே சொல்லுறீர்? பிறகென்ன, வாரும்!"

அவனுடைய மனைவி குணபூசணியும் எங்கள் பாடசாலையில்தான் படிப்பித்தாள். அப்போது நான்கு மாதக் கர்ப்பிணி. பஸ் நிலையம் வரை வந்து, அவன் கழுத்தில் மப்ளரைச் சுற்றிவிட்டு, என்னைப் பார்த்துத்தான் பேசினாள்.

"மாஸ்டர், இவருக்குப் பனியைக் கண்டா விசர் பிடிச்சிடும். நான் இவரை நம்பி விடேல்லை, உங்களை நம்பித்தான் விடுறன். முழுசாக் கொண்டு வந்து தாங்கோ."

"நாளைக்குப் பின்னேரம் நானே கூட்டிட்டு வந்து விடுறேன் டீச்சர். எம் பொறுப்பு," என்றேன். பெரிய மனிதன் போலத்தான் சொன்னேன்.

ஐஸ்பீலி கைவிடப்பட்டு ஐந்து வருஷமாகியிருந்தது. பாதிப் பேர் இந்தியாவுக்குக் கப்பல் ஏறிவிட்டார்கள், மீதிப் பேரைக் கீழே இறக்கிவிட்டார்கள். லயத்தின் கூரைத் தகரம் பாதி காணாமல் போயிருந்தது. கதவுகளை யாரோ விறகுக்குப் பிடுங்கியிருந்தார்கள். வெட்டுவாரில்லாமல் தேயிலை மரமாக வளர்ந்து, ஆள் உயரத்துக்கு மேலே நின்றது. உள்ளே நரி படுத்தாலும் தெரியாது.

ஒரு மலையைத் தவிர.

பீலிக்குப் பக்கத்தில் இருந்த சின்னச் சரிவு மட்டும் சுத்தமாகக் கவ்வாத்து வெட்டப்பட்டிருந்தது. கவ்வாத்து என்பது தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்குத் தறித்துவிடுவது. அப்போதுதான் செடி மறுபடி துளிர்க்கும். அங்கே ஒவ்வொரு செடியும் ஒரே மட்டத்தில், ஒரே சாய்வில், ஒரே வெட்டில் நின்றது. வெட்டுவாய் வெள்ளையாக இருந்தது. வெட்டி இரண்டு நாள்கூட ஆகியிருக்காது.

"ஆரோ பராமரிக்கினம் போல," என்றான் முத்துலிங்கம்.

நான் வெட்டுவாயை விரலால் தடவிப் பார்த்தேன். 

சரிவின் தலைப்பில் ஒரு கல் நின்றது. பழைய குங்குமமும் எண்ணெய்ப் பிசுக்கும் அதில் கறுத்துக் கிடந்தன. கல்லின் காலடியில் ஒரு கவ்வாத்துக் கத்தி. நுனி வளைந்து, வாய் பளபளவென்று தீட்டியிருந்தது. இத்தனை வருஷ மழையில் கிடந்த கத்தியில் ஒரு பொட்டுத் துரு இல்லை.

"இது என்ன சாமி, அலோ?"

சொல்லியிருக்க வேண்டும். அது கவ்வாத்துச் சாமி என்று சொல்லியிருக்க வேண்டும். வெட்டுத் தொடங்குகிற நாளில் எல்லாருடைய கத்தியையும் கல் முன்னால் வைத்துக் கும்பிட்டு, அவரவர் கத்தியை அவரவர்தான் எடுப்பார்கள். அடுத்தவன் கத்தியைத் தொட்டால் அவன் வேலை தொட்டவன் தலையில் விழும் என்று சொல்லியிருக்க வேண்டும். இந்தக் கத்தி வீரய்யாவுடையது என்றும் சொல்லியிருக்க வேண்டும்.

வீரய்யாவைப் பற்றி லயத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும். அந்த மலையில் அவனைப் போல் வெட்டுகிறவன் இல்லை. 1961 தை மாதத்தில் ஒருநாள் காலையிலிருந்தே மிஸ்ட் இறங்கியிருந்தது. மூடுபனியை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அதற்குள் கால் வழுக்கி, தன் கத்தியாலேயே தன் முழங்காலை வெட்டிக்கொண்டான். கூச்சல் போட்டிருக்கிறான். வேலை முடிந்த விசில் ஊதியதும் மற்றவர்கள் இறங்கிப் போய்விட்டார்கள். சத்தம் கேட்கவில்லை என்று பிறகு சொன்னார்கள். மறுநாள் காலை அவன் விறைத்துக் கிடந்தான். கத்தி கையோடு ஒட்டியிருந்தது. சுடுதண்ணீர் ஊற்றித்தான் எடுத்து, கல்லின் காலடியில் வைத்தார்களாம். அதற்கப்புறம் அந்த மலையில் வெட்டப் போக யாரும் துணியவில்லை. மிச்சம் வைத்த நிரையை, அவனுக்கு வெட்டப் பிரித்துக் கொடுத்த செடி வரிசையை, அவன் இன்னும் வெட்டுகிறான், மிஸ்டுக்குள் முழங்காலுக்கு மேலே எது நின்றாலும் அவனுக்குச் செடிதான், மாட்டிக்கொண்டால் தரையோடு படுத்துவிடு என்று பிள்ளைகள் பேசிக்கொள்வோம்.

அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் வெட்டியவர்களில் என் அப்பா அந்தோனிமுத்துவும் ஒருவர். சாகும்வரை அதைப் பற்றி அவர் வாயைத் திறக்கவில்லை.

இதையெல்லாம் பட்டதாரிச் சிநேகிதனிடம் எப்படிச் சொல்வது? தோட்டக்காட்டுப் புத்தி என்று அவன் நினைத்துவிட்டால்? அவன் அப்படி நினைக்கிறவன் இல்லை. இருந்தாலும் எனக்கு நாக்கு எழவில்லை.

"சும்மா ஒரு கல்லுங்க," என்றேன்.

முன்னிரவில் ஒரு தகரத் தட்டில் தண்ணீர் ஊற்றி வாசலில் வைத்துவிட்டு, இருக்கிற கம்பளியை எல்லாம் போர்த்திக்கொண்டு படுத்தோம். கப்டன் எங்கள் கால்மாட்டில் சுருண்டது. குளிரில் பல் கிட்டியதைத் தவிர வேறொன்றும் நடக்கவில்லை.

விடிந்தபோது முத்துலிங்கம் போட்ட சத்தத்தில் நான் அலறிப் புடைத்து எழுந்தேன்.

"அலோ! அலோ! ஓடி வாரும்!"

வெளியே உலகம் வெள்ளையாக இருந்தது. புல், கல், கூரைத் தகரம், தறித்த செடிகள், எல்லாவற்றிலும் வெண்பனி. தட்டுத் தண்ணீர் கண்ணாடியாகியிருந்தது. அவன் அதைக் கையில் தூக்கிச் சூரியனைப் பார்த்தான். கண்ணில் தண்ணீர். சிரிக்கிறானா அழுகிறானா என்று தெரியவில்லை. எனக்கும் நெஞ்சு நிறைந்துவிட்டது. கப்டன் பனியை நக்கித் தும்மியது. பீலியின் வாயிலிருந்து முழ நீளத்துக்கு ஐஸ் தொங்கிக்கொண்டிருந்தது. கமராவில் இருந்த பன்னிரண்டு படத்தில் ஒன்பதை அங்கேயே எடுத்து முடித்தான்.

"இதில ஒரு துண்டைப் பிளாஸ்கில போட்டுக் கொண்டுபோய்க் குணத்திட்டக் குடுக்கவேணும்," என்றான். "மத்தியானத்துக்குள்ள போய்ச் சேர்ந்தா உருகாது."

நான் தேநீருக்கு அடுப்பை மூட்டிக்கொண்டிருந்தேன். கையால் ஐஸை ஒடிக்கப் பார்த்தான். முடியவில்லை. சுற்றிலும் பார்த்தான். பிறகு கல்லை நோக்கி நடந்தான்.

நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவன் குனிந்து கத்தியை எடுக்கிறவரை எனக்கு நேரம் இருந்தது. வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்ல இருபது தரம் நேரம் இருந்தது.

சொல்லவில்லை.

பீலியில் இரண்டு தட்டுத் தட்டுகிற சத்தம் கேட்டது. அப்புறம் பள்ளத்திலிருந்து மிஸ்ட் எழுந்தது. காலை வேளையில் அப்படி எழுவது புதிதல்ல. ஆனால் அது தண்ணீர் நிறைகிற மாதிரி ஏறி, கொஞ்ச நேரத்தில் என் கையில் இருந்த கோப்பையையே மறைத்துவிட்டது. ஈரத் தேயிலை வாசனை வந்தது. அதோடு தீட்டிய இரும்பின் வாசனையும் வந்தது.

"லிங்கம்! தேத்தண்ணி ரெடி. வாங்க."



சரக்.

சரிவிலிருந்து வந்தது.

சரக். சரக்.

நான் கவ்வாத்துக்காரன் பெற்ற பிள்ளை. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். பழகாதவன் ஒரு கிளைக்கு நாலு வெட்டு வெட்டுவான், கிளை பிளந்து தொங்கும். இது ஒரு கிளைக்கு ஒரு வெட்டு. மூச்சு விடுகிற சீரில் போய்க்கொண்டிருந்தது.

மிஸ்டுக்குள் தடவிக்கொண்டு போனேன். பத்தடியில் அவன் முதுகு தெரிந்தது. கம்பளிச் சட்டையைக் கழற்றி எறிந்திருந்தான். சப்பாத்து இல்லை. வெறுங்காலோடு பனியில் நின்று, இடுப்பை வளைத்து, காட்டுத் தேயிலைக்குள் ஒரு புது நிரையைத் தறித்துக்கொண்டு போனான். மண்வெட்டியைக்கூடப் பிடித்தறியாத புவியியல் வாத்தியார்.

"என்ன வெளையாட்டு இது? வெறைச்சுப் போவீங்க. வாங்க லிங்கம்."

அவன் திரும்பவில்லை.

"நெரை இன்னும் கெடக்கு," என்றான். "விசிலு ஊதுனதும் எல்லாப் பயலும் போயிட்டானுங்க."

அது முத்துலிங்கத்தின் தொண்டை. ஆனால் பேச்சு எங்கள் லயத்துப் பேச்சு. எண்டு, கிடக்கு, ஏலாது என்று மூன்று வருஷம் என் காதில் விழுந்த பேச்சில் ஒரு சொல்கூட அதில் இல்லை.



அந்த நேரத்தில்தான் கப்டன் வந்தது. அவனைக் கண்ட சந்தோஷத்தில் வாலை ஆட்டிக்கொண்டு ஓடி, முன்னங்கால்களைத் தூக்கி அவன் மார்பை நோக்கித் தாவியது.

சரக்.

ஒரே வெட்டு. நாய் குரைக்கக்கூட இல்லை. முன்பாதி என் காலடியில் வந்து விழுந்தது. பின்பாதி இரண்டு எட்டு நடந்து, செடியில் மோதிச் சாய்ந்தது. பனியில் ரத்தம் ஆவி பறக்கக் கிடந்தது.

அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். இடது கையை விரித்து, தரைக்கு மட்டமாக, முழங்கால் உயரத்தில் பிடித்தான். செடியை வெட்டும் முன் அளவு பார்ப்பது அப்படித்தான். என் அப்பாவும் அப்படித்தான் பார்ப்பார். பிறகு கண்ணை மெதுவாக என் முழங்காலுக்கு இறக்கினான்.

நான் ஓடினேன்.

பின்னால் காற்றை அறுக்கிற சத்தம் வந்தது. தலையின் இடப்பக்கம் யாரோ கொதிநீரை ஊற்றியது போல் எரிந்தது. கையை வைத்தேன். காது இருந்த இடத்தில் காது இல்லை. மழைத்தண்ணீர் ஓட வெட்டிய காணில் தடுக்கி விழுந்தேன். எழப் பார்த்தபோது தலைக்கு மேலே கிளைகள் சரசரவென்று அறுந்து என் மேல் கொட்டின. அப்போதுதான் சின்ன வயசுப் பேச்சு ஞாபகம் வந்தது.

தரையோடு படுத்துவிடு.

படுத்தேன். முகத்தை மண்ணில் புதைத்தேன். வெட்டு என்னைத் தாண்டிப் போயிற்று.

சரக். சரக். சரக்.

எனக்கு இரண்டு பக்கமும் செடிகளைத் தறித்துக்கொண்டு, என் விலாவைக் காலால் உரசிக்கொண்டு, அவன் நடந்து போனான். வெறும் கால். நகங்கள் நீலமாகியிருந்தன. மூன்று விரல்களில் தோல் கிழிந்து, சதை பனியோடு ஒட்டி ஒட்டிப் பிய்ந்தது. அவனுக்கு அது தெரிந்ததாகவே இல்லை.

நிலம் சரிகிற பக்கம் எனக்குத் தெரியும். வயிற்றால் ஊர்ந்து போனால் முப்பது யார் தூரத்தில் லொறிப் பாதை. நான் தப்பியிருப்பேன். ஊரத் தொடங்கியும் விட்டேன், அதையும் மறைக்கவில்லை. ரத்தம் கழுத்தில் இறங்கிக் குளிர்ந்தது. பாதி தூரம் போனபிறகு குணபூசணியின் முகம் வந்தது. இந்தக் குளிரில், அந்தச் சட்டையோடு, அந்தக் காலோடு அவன் மத்தியானம் வரை தாங்கமாட்டான். நான் இறங்கிப் போனால் நாளைக்குச் சுடுதண்ணீர் கொண்டுவந்து அவன் கையிலிருந்து கத்தியைக் கழற்ற வேண்டியிருக்கும்.

எம் பொறுப்பு என்று சொன்னது நான்தானே.

திரும்பினேன். காணிலிருந்து ஒரு கருங்கல்லை எடுத்தேன். தேங்காய் அளவு இருந்தது. செபம் சொல்லப் பார்த்தேன். "பரலோகத்திலிருக்கிற" என்பதற்கு மேல் வரவில்லை. சத்தம் இருக்கிற திசைக்கு ஊர்ந்து, அவன் என்னைக் கடக்கிறவரை மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். கணுக்கால்கள் என் முகத்துக்கு முன்னால் வந்து நின்றன.

இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன்.

மரம் போல விழுந்தான். நான் மேலே ஏறி, கத்தி பிடித்த கையை முழங்காலால் மண்ணோடு அழுத்தினேன். அவன் இடது கையால் என் காதிருந்த புண்ணுக்குள் விரலை விட்டுக் கிழித்தான். நான் கத்திய கத்து எனக்கே கேட்கவில்லை. அவன் கையை மணிக்கட்டோடு கடித்தேன். வாயெல்லாம் அவன் ரத்தம்.

"வுடுடா," என்றது அந்தக் குரல். "நெரை முடியல."

"டேய் லிங்கம்! வாடா! வந்துடுடா! டீச்சர் காத்துக்கிட்டு இருக்காங்கடா!"

முதல் தடவையாக அவனை டேய் என்று கூப்பிட்டேன். அவன் உடம்பு ஒரு கணம் தளர்ந்தது. கண்ணில் நான் அறிந்த முத்துலிங்கம் எட்டிப் பார்த்தான்.

"அலோ," என்று கிசுகிசுத்தான். "கை என்ர சொல்லுக் கேக்குதில்லை. விடேலாமக் கிடக்கு. அடியும்... அடியும், மச்சான்."

அடித்தேன்.

முதல் அடியில் விரல்கள் நொறுங்கின. கத்தி விடவில்லை. இரண்டாவது அடியில் எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்தது. அப்போதும் விடவில்லை. பிறகு எத்தனை அடி அடித்தேன் என்று தெரியாது. அழுதுகொண்டே அடித்தேன். அது கையாக இல்லாமல் போகிறவரை அடித்தேன். கடைசியில் பிடியோடு உள்ளங்கைத் தோலும் சேர்ந்து உரிந்து வந்தது. கத்தியைப் பள்ளத்துக்குள் வீசினேன். கல்லில் பட்டு, பட்டு, எங்கோ கீழே போய் நின்றது.

முத்துலிங்கம் மயங்கியிருந்தான். மூச்சு இருந்தது. மப்ளரால் மணிக்கட்டை இறுக்கிக் கட்டி, என் கம்பளியை அவனுக்குச் சுற்றி, முதுகில் போட்டுக்கொண்டு பாதையில் இறங்கினேன்.

முதல் வளைவைத் தாண்டும்போது பின்னாலிருந்து கூப்பிட்டது.

"அலோ..."

மேலே, மிஸ்டுக்குள்ளிருந்து. முத்துலிங்கத்தின் குரல்.

அவன் என் முதுகில் கிடக்கிறான். அவன் மூச்சு என் கழுத்தில் படுகிறது. ஏமாற்றப் பார்க்கிறது என்று நினைத்தேன். திரும்பிப் பார்க்காதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வேகமாக நடந்தேன்.

"அலோ, நில்லும்! என்னை விட்டிட்டுப் போகாதையும்!"

ஓடினேன். கீழ் டிவிஷன் கண்ணில் தெரிகிறவரை அந்தக் குரல் அழுதுகொண்டே இருந்தது.

முட்டைக்கோவா ஏற்றிய லொறி ஒன்று எங்களை நுவரெலியா ஆஸ்பத்திரியில் சேர்த்தது. அவன் வலது கையை மணிக்கட்டுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். கால்விரல்களில் மூன்று போயின. என் காதைத் தைக்க அங்கே காது இல்லை. பின்னேரம் குணபூசணி வந்தாள். கட்டிலில் கிடந்தவனைத் தலை முதல் கால் வரை தடவிப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினாள்.

"என்ன மாஸ்டர் நடந்தது?"

கத்தியைப் பற்றிச் சொன்னால் வீரய்யாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீரய்யாவைப் பற்றிச் சொன்னால், தெரிந்தும் ஏன் தடுக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

"ஐஸ்ல வழுக்கிப் பள்ளத்துல விழுந்துட்டோம் டீச்சர்," என்றேன். "கையில கல்லு உருண்டுடுச்சு."

அவள் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "உயிரோட கொண்டுவந்து தந்திட்டியள். எனக்கு அது காணும்."

எட்டு நாள் அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். ஊட்டினால் தின்றான். அதிர்ச்சி என்றார் டொக்டர். ஊருக்குக் கூட்டிப் போய்த் தாயோடு வைத்திருந்தால் சரியாகிவிடும் என்று குணபூசணி முடிவு செய்தாள். ஒன்பதாம் நாள் காலை நானு ஓயா ஸ்டேஷனுக்கு நானும் போனேன். நல்ல வெயில். ஜன்னலோரம் அவனை உட்கார வைத்துவிட்டு, அவள் எழுந்து நின்று பெட்டியை மேலே ஏற்றிக்கொண்டிருந்தாள்.

நான் ஜன்னல் அருகே போய் நின்றேன். 

"என்னை மன்னிச்சிடுங்க லிங்கம்," என்றேன்.

அவன் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான். எட்டு நாளில் முதல் தடவையாகச் சிரித்தான். நல்ல சிரிப்பு. நன்றியுள்ள சிரிப்பு.

"நீ அந்தோனிமுத்து மவந்தானே?" என்று மெல்லக் கேட்டான்.

என் அப்பாவின் பெயரை நான் முத்துலிங்கத்திடம் ஒருநாளும் சொன்னதில்லை.

"ஒங்கப்பன் என்னைய அந்த மலையிலேயே வுட்டுட்டுப் போனான். நீதான் தூக்கிக்கிட்டு வந்த. நல்லாருப்பய்யா."

விசில் ஊதியது.

 மலையில் என் பின்னால் நின்று அழுதவன் யார் என்று அப்போதுதான் தெரிந்தது. நான்தான் அவனை அங்கே விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

ரயில் அசைந்தது. குணபூசணி பெட்டியை வைத்துவிட்டு, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எனக்குக் கை காட்டினாள். அவளுக்குப் பக்கத்தில் அவன் இடது கையை நீட்டி விரித்தான். தரைக்கு மட்டமாக, அவள் முழங்கால் உயரத்தில் பிடித்து, தலையைச் சாய்த்து அளவு பார்த்தான்.

"டீச்சர்! எறங்குங்க! அது அவரு இல்ல! எறங்குங்க!"

மேடை முடிகிறவரை ஓடினேன். என்ஜின் சத்தத்தில் என்ன கேட்டதோ தெரியவில்லை. போய்ச் சேர்ந்ததும் கடிதம் போடச் சொல்கிறேன் என்று நினைத்திருப்பாள். சிரித்துக்கொண்டு, சரி சரி என்று தலையை ஆட்டினாள்.